மேட்டூர் நீர்மட்டம் சொல்கிற பிள்ளைக்கு எந்தப் பள்ளி?

உறவுக்காரர் வீட்டில் காதுகுத்து. பையனுக்கு அப்போது ஐந்தரை வயது. பந்தலுக்குள் நுழையும்போதே என் பெரியம்மா அவன் கன்னத்தைத் தடவி, "வாடா தங்கம், கை நனைச்சிட்டுத்தான் போவணும்" என்றார். அவன் நேராகக் கை கழுவும் இடத்துக்குப் போனான். குழாயைத் திறந்து இரண்டு கையையும் நனைத்துக்கொண்டு வந்து, "நனைத்துவிட்டேன் அப்பா, இப்போது போகலாமா?" என்று என் முன்னால் நின்றான். பந்தலே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

இப்போது யோசித்தால், அவனுக்கு ஆட்டிசம் என்று தெரிய வேண்டியதெல்லாம் அந்த ஒரு காட்சியிலேயே இருந்திருக்கிறது. சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டான். "நனைச்சிட்டேன்" என்று வாயில் வராமல், செய்தி வாசிப்பவர் மாதிரி "நனைத்துவிட்டேன்" என்று வந்தது. ரேடியோ செட் அலறலில் இருந்து தப்பித்தால் போதும் என்று கிளம்பப் பார்த்தான். நீ, நீங்க என்பதும் அவனுக்குப் பிடிபடவில்லை. தெரு நாயை "நீங்கள் தள்ளிப் போங்கள்" என்பான், தலைமையாசிரியரை "நீ உட்கார்" என்பான். ஒருநாள் அவன் மாமா வழக்கம்போல "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். இரவு ஒன்பது மணி வரை இவன் திண்ணையை விட்டு எழுந்திருக்கவில்லை. "வருகிறேன் என்று சொன்னாரே."

அவனுக்கு உயிர், பேப்பரில் தினமும் வரும் மேட்டூர் அணை நிலவரம். நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எவ்வளவு. முழு அளவு 120 அடி, கொள்ளளவு 93.47 டிஎம்சி என்பதெல்லாம் மற்ற பிள்ளைகள் அ, ஆ எழுதும் வயதிலேயே மனப்பாடம். டெல்டாவில் இது ஒரு குறையா? டீக்கடையில் பெரியவர்கள் கூப்பிட்டு வைத்துக் கேட்பார்கள், பெருமையாக இருக்கும். ஆனால் கேட்டவர் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போன பிறகும் அவன் சொல்லிக்கொண்டிருப்பான். எதிரே இருப்பவர் முகத்தில் "போதும்" என்று எழுதியிருப்பது அவனுக்குத் தெரியவில்லை.

2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வந்தது. எங்கள் ஊர் மன்னார்குடிக்குக் கிழக்கே இருக்கிறது. கரண்ட் வர இருபது நாளுக்கு மேல் ஆனது. அந்த இருபது நாளும் அவன் அலறிய அலறலைக் கேட்டு, "புயல்ல பயந்துட்டான்" என்று ஊரே சொன்னது. வேப்பிலை அடித்தார்கள். குணசீலம் கோயிலுக்குக் கூட்டிப்போய் 48 நாள் தங்கச் சொன்னார்கள். உண்மையில் புயலடித்த இரவில் அவன் நன்றாகத் தூங்கினான். மறுநாள் பேப்பர் வரவில்லை, ஃபேன் சுற்றவில்லை, வேன் ஏறும் இடத்தில் இருந்த தூங்குமூஞ்சி மரம் இல்லை. அதுதான் அவன் அழுகை. தஞ்சாவூரில் ஒரு குழந்தை மனநல மருத்துவர்தான், "புயலுக்கு முன்னாடி எப்படி இருந்தான்?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்கு நானும் மனைவியும் ஒன்றரை மணி நேரம் பதில் சொன்னோம். அதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது.

நான் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருப்பவன், மருத்துவன் அல்ல. ஆனால் விஷயம் காதில் விழுந்து இப்போது பட்டுக்கோட்டை, திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்தெல்லாம் பிள்ளையைப் பெற்றவர்கள் கடைக்கு வருகிறார்கள். எல்லாருக்கும் கேள்வி ஒன்றுதான்: எங்கே சேர்ப்பது? உள்ளூர்ப் பள்ளியா, டவுன் பள்ளியா, சென்னைக்கே போய்விடுவதா? ஒவ்வொருவரிடமும் ஒரு மணி நேரம் பேசுவதற்கு எழுதிவிடலாம் என்று தோன்றியது.

முதலில் பெயர் குழப்பம். ஒரு டாக்டர் ஆஸ்பெர்கர் என்பார், இன்னொருவர் சீட்டில் ஆட்டிசம் என்று எழுதுவார். முதல் பெயரைக் கேட்டவர்கள் "அப்பாடா" என்பதும், இரண்டாவது பெயரைக் கேட்டவர்கள் இடிந்துபோவதும் வீண். வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர் என்ற குழந்தை மருத்துவர் 1944இல் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி எழுதினார். 1981இல் லோர்னா விங் என்ற ஆங்கிலேய மனநல மருத்துவர் அவர் பெயரையே இதற்கு வைத்தார். பேச்சு தாமதமாகாமல், புத்திக்கூர்மையும் குறையாமல், மற்றவர்களோடு பழகுவதில் மட்டும் சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு அந்தப் பெயர் நடைமுறையில் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் அதைத் தனிப்பெயராக வைத்திருப்பதை விட்டு, ஆட்டிசம் என்ற ஒரே குடைக்குள் சேர்த்தது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் 2022 முதல் அப்படித்தான். நாஜி ஆட்சியில் ஆஸ்பெர்கர் மாற்றுத்திறன் குழந்தைகளைச் சாவுக்கு அனுப்பும் வேலைக்கு ஒத்துழைத்தார் என்று 2018இல் ஆவணங்களோடு வெளிவந்த பிறகு, அந்தப் பெயரைச் சொல்லவே பலருக்கு மனம் வருவதில்லை. ஊரில் புழங்குவதால் நான் இன்னும் சொல்கிறேன். ஆனால் சீட்டிலும் சான்றிதழிலும் ஆட்டிசம் என்றே இருக்கட்டும். சட்டத்தில் உள்ள பெயர் அதுதான்.

இன்னொன்று. இது வளர்ப்பில் வந்த கோளாறு அல்ல. தடுப்பூசியாலும் வரவில்லை. அப்படிச் சொன்ன 1998ஆம் ஆண்டுக் கட்டுரையை வெளியிட்ட லான்செட் இதழே 2010இல் திரும்பப் பெற்றுக்கொண்டது. பிறப்பிலேயே மூளை அமைந்த விதம். ஆகவே "எங்கே சேர்த்தால் சரியாகும்" என்று கேட்காதீர்கள். எங்கே சேர்த்தால் பிள்ளை நொந்துபோகாமல் படிக்கும் என்று கேளுங்கள்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? கட்டடத்தையும் ரிசல்ட்டையும் பார்த்து நாங்கள் ஒரு வருடம் ஏமாந்தோம். அப்புறம் கண்டுபிடித்த அளவுகோல் எளிது: பள்ளி விட்டு வந்த பிறகு வரும் முதல் ஒரு மணி நேரம். இப்படிப்பட்ட பிள்ளைகள் பகல் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார்கள். டீச்சர் "கிளாஸ்ல தங்கமா இருக்கானே" என்பார். வீட்டுப் படி ஏறியதும் வெடிக்கும். பையைத் தூக்கி எறிவது, கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துக்கொள்வது, ஒன்றுமில்லாததற்கு அழுவது. அந்த ஒரு மணி நேரம் எப்படிக் கழிகிறது என்று ஒரு நோட்டில் பதினைந்து நாள் குறித்தால் போதும். பள்ளி அவனிடம் எவ்வளவு வாங்கிக்கொள்கிறது என்று தெரிந்துவிடும்.

டவுன் மெட்ரிக் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு படிக்க வைத்தோம். காலை ஏழே காலுக்கு வேன். வேனில் இருபத்தைந்து பிள்ளைகள், பாட்டு, வழி முழுக்க ஏர்ஹாரன். வகுப்பில் நாற்பத்தி மூன்று பேர். வாரா வாரம் உட்காரும் இடத்தை மாற்றுவார்கள், எல்லாருக்கும் போர்டு தெரிய வேண்டும் என்ற நல்லெண்ணத்தில். எங்கள் பையனுக்கு ஒவ்வொரு திங்கட்கிழமையும் அது ஒரு கஜா. பாடத்தில் குறையே இல்லை, முதல் மூன்று பேரில் வருவான். ஆங்கிலம் நன்றாக வந்தது, கம்ப்யூட்டர் இருந்தது, நூலகம் இருந்தது. இதையெல்லாம் நான் சும்மா சொல்லவில்லை. வாசிப்பில் வேகமான பிள்ளைக்கு இவை பெரிய விஷயம். ஆனால் எங்கள் நோட்டில் பதினைந்து நாளில் பன்னிரண்டு நாள் கட்டிலுக்கு அடியில்.

டாக்டர் சீட்டைக் கொண்டுபோய்க் காட்டினோம். இடத்தை மாற்றாமல் ஒரே இடத்தில் உட்கார வைக்க முடியுமா என்று மட்டும்தான் கேட்டோம். ஒரு மாதம் கழித்துக் கூப்பிட்டு, மற்ற பெற்றோர் பேசிக்கொள்கிறார்கள், டிசி வாங்கிக்கொள்வது பிள்ளைக்கே நல்லது என்றார்கள். எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் வெளியேற்றக் கூடாது என்று 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. அங்கீகாரம் பெற்ற பள்ளி மாற்றுத்திறன் பிள்ளைகளிடம் பாகுபாடு காட்டக் கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. தெரிந்திருந்தாலும் சண்டை போட்டிருப்பேனா? சண்டை போட்டு வாங்கிய இடத்தில் உட்காரப்போவது நான் இல்லை. ஆனால் பக்கத்தில் வேறு பள்ளியே இல்லாதவர்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள்.

அப்புறம் சேர்த்த உள்ளூர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டு வகுப்புக்கும் சேர்த்து தொண்ணூறு பிள்ளைகள். வாய்க்கால் கரையிலேயே பத்து நிமிட நடை. வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு போகிறது என்று பார்த்துக்கொண்டே போகலாம் என்பது அவனுக்குக் கூடுதல் சம்பளம். அங்கே மணி என்பது தொங்கவிட்ட ஒரு தண்டவாளத் துண்டு. இரும்புக் கம்பியால் அடித்தால் காது ஜிவ்வென்று இருக்கும். முதல் வாரம் ஒவ்வொரு மணிக்கும் காதைப் பொத்திக்கொண்டு பெஞ்சுக்கு அடியில் போனான். இரண்டாம் வகுப்பு டீச்சர் ஒன்று செய்தார். மணி அடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது அவன் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லிவிட்டுப் போவார். பிறகு ஒருநாள் கம்பியையே அவன் கையில் கொடுத்து, "நீயே அடிச்சுப் பாருப்பா" என்றார். தானே எழுப்பும் சத்தம் அவனைக் குத்தவில்லை. எப்போது வரும் என்று தெரியாத சத்தம்தான் குத்துகிறது. அன்றிலிருந்து எட்டாம் வகுப்பு வரை அந்தப் பள்ளிக்கு மணி அடிப்பவன் அவன்தான், ஒரு நொடி முன்பின் ஆகாது. சாப்பாட்டு மணியைத் தலைமையாசிரியர் பேச்சு முடியவில்லை என்பதற்காகத் தள்ளிப்போடச் சொன்னால் மட்டும் கடைசிவரை ஒத்துக்கொள்ளவில்லை.

இதைப் படித்துவிட்டு அரசுப் பள்ளி என்றாலே சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். ஆங்கிலத்தில் பின்தங்கினான், அதை வீட்டில் ஈடுகட்ட வேண்டியிருந்தது. பிள்ளைகள் "மேட்டூரு, மேட்டூரு" என்று கூப்பிட்டார்கள். அது அவனுக்குப் பட்டமாகவே தெரியவில்லை, சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பான். அதைப் பயன்படுத்திக்கொண்டு அவன் டிபன் பாக்ஸைக் காலி செய்தார்கள். வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வருவார். ஒரு ஒன்றியத்தில் உள்ள எத்தனையோ பள்ளிகளைச் சுற்றும் அவரால் எவ்வளவு நேரம் கொடுக்க முடியும்? எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து இடமாறுதல் கலந்தாய்வு. அந்த டீச்சர் அவனுடைய ஐந்தாம் வகுப்பு முடிந்ததும் மாறிப் போனார். மூன்று மாதம் எல்லாம் முதலிலிருந்து. அதனால் ஒரு டீச்சரை நம்பி மட்டும் சேர்க்காதீர்கள். போகும் முன் அவரிடம் பிள்ளையைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எதற்கு அழுவான், எப்படிச் சொன்னால் கேட்பான், எங்கே உட்கார வைக்க வேண்டும். அந்தத் தாளைத்தான் நாங்கள் வருடா வருடம் புது டீச்சர் கையில் கொடுக்கிறோம்.

ஆக இரண்டையும் வைத்துப் பார்த்தால், பாடத்தில் மெட்ரிக் பள்ளி, மனிதர்களில் உள்ளூர்ப் பள்ளி. பாடத்தை வீட்டில் சொல்லிக்கொடுத்துவிடலாம். நாற்பத்தி மூன்று பேரின் இரைச்சலை வீட்டில் எதை வைத்து ஈடுகட்டுவது?

சிறப்புப் பள்ளி பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பேச்சு வராத, தன் வேலையைத் தானே செய்துகொள்ளப் பழக வேண்டிய பிள்ளைகளுக்கு அது பெரிய உதவி. ஆஸ்பெர்கர் வகைப் பிள்ளைக்கு அங்கே படிப்பு பற்றாது. ஆட்டிசம் என்று எழுதியிருப்பதாலேயே அங்கே கொண்டுபோய் விட வேண்டியதில்லை.

சென்னைக்குக் குடிபெயர்வதுதான் அடிக்கடி வரும் கேள்வி. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் போனவர்களை எனக்குத் தெரியும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் மத்திய அரசின் பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. சோதனை, ஸ்பீச் தெரபி, ஆக்குபேஷனல் தெரபி (அன்றாட வேலைகளைப் பழக்கும் பயிற்சி), பெற்றோர் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில். தனியார் மையங்களும் தெருவுக்குத் தெரு முளைத்துவிட்டன. நாங்கள் ஒரு கோடை விடுமுறையில் என் கொழுந்தியாள் வீட்டில் இரண்டு மாதம் தங்கிப் பார்த்தோம். நான் சனிக்கிழமை ராத்திரி மன்னை எக்ஸ்பிரஸில் ஏறிப் போய், ஞாயிறு ராத்திரி திரும்புவேன். குறுவைக்கு மோட்டார் இறக்கும் நேரம், கடையைப் பூட்ட முடியாது.

தெரபி நல்ல தெரபிதான். ஆனால் வாரத்துக்கு மூன்று அமர்வு, அமர்வுக்கு முக்கால் மணி. போய் வரப் பேருந்தில் இரண்டரை மணி நேரம், அந்த நெரிசலில். வாரம் முழுக்கக் கூட்டிப் பார்த்தால் தெரபி இரண்டேகால் மணி நேரம், பஸ் ஏழரை மணி நேரம். அந்த இரண்டு மாதமும் அவன் வாய்க்காலைப் பார்க்கவில்லை, தாத்தாவைப் பார்க்கவில்லை. மூன்றாவது வாரத்தில் தெரபிஸ்ட் அம்மாவே என் மனைவியிடம், "இங்க நான் செய்றதைப் பார்த்துக்கிட்டுப் போயி வீட்ல தினமும் அரை மணி நேரம் செய்ங்கம்மா, மூணு மாசத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்" என்றார். இப்படிச் சொல்லும் தெரபிஸ்ட் கிடைத்தால் விடாதீர்கள். பெற்றோரை அறைக்கு வெளியே உட்கார வைத்து, உள்ளே என்ன நடக்கிறது என்றே சொல்லாத இடம் எவ்வளவு பெரிய பெயர் வாங்கியிருந்தாலும் வேண்டாம்.

வீட்டில் செய்தது பெரிய வித்தை ஒன்றுமில்லை. நாளைக்கு என்ன என்ன நடக்கும் என்று முந்தின இரவே ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டிவிடுவோம். கரண்ட் போகலாம், பஸ் வராமல் போகலாம் என்பதையும் அதிலேயே எழுதிவிடுவோம். அப்புறம் ஒரு நோட்டு. இடப்பக்கம் ஆட்கள் சொல்வது, வலப்பக்கம் அதற்கு அர்த்தம். "கை நனைச்சிட்டுப் போ": சாப்பிட்டுவிட்டுப் போ. "போயிட்டு வரேன்": போகிறேன், இன்றைக்கே வருவேன் என்று அர்த்தமில்லை. "தலைக்கு மேல வேலை கிடக்கு": தலையில் ஒன்றும் இல்லை, இப்போது பேச நேரமில்லை. "எப்ப வந்தீங்க?": வந்த நேரம் கேட்கவில்லை, வணக்கம் மாதிரி. இருநூறைத் தாண்டிவிட்டது. இப்போது அவனே எழுதுகிறான். "'பாக்கலாம்' என்றால் பெரும்பாலும் முடியாது" என்று அவன் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு, கடைக்கு வருகிறவர்களிடம் அந்தச் சொல்லைச் சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது.

சென்னைக்கும் ஊருக்கும் நடுவில் இன்னொரு வழியும் இருக்கிறது. மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையம் என்று ஒரு பிரிவு இருக்கும். பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை செலவில்லாமல் பார்ப்பார்கள். அங்கன்வாடிக்கும் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவே அங்கே எழுதி அனுப்பும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும், ஆள் மாறுவார்கள். சந்தேகம் வந்தவர்கள் முதல் அடியை அங்கே எடுத்து வைப்பதுதான் சரி என்பேன். வாரம் ஒரு தெரபிக்குத் தஞ்சாவூர் போதும், எங்களுக்குப் பஸ்ஸில் ஒன்றேகால் மணி நேரம்தான். மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்ந்தால் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும், அதில் தெரபிச் செலவுக்கும் ஒரு பங்கு உண்டு.

எல்லாருக்கும் இதே பதில் இல்லை. பிள்ளைக்கு மூன்று, நான்கு வயதாகியும் பேச்சு வரவில்லை, தன்னையே அடித்துக்கொள்கிறான், வலிப்பு வருகிறது என்றால் யோசிக்காமல் பெரிய மையத்துக்குப் போங்கள், ஆறு மாதம் தங்கினாலும் தகும். எங்கள் பையன் மாதிரிப் பிள்ளைக்குத்தான் ஊரே மேல் என்கிறேன். போகிற இடத்தில் ஸ்டெம்செல், ரத்தத்தில் விஷம் எடுப்பது, தலையில் காந்தம் என்று யாராவது லட்சக்கணக்கில் பேசினால் அடுத்த பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல்லைப் பரிந்துரைக்க முடியாது என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே சொல்லிவிட்டது.

வீட்டிலேயே படிக்க வைத்து, தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்பு எழுதுவதும் ஒரு வழி. கொரோனாவில் பள்ளி மூடியிருந்த ஒன்றரை வருடத்துக்கு மேலான காலத்தில் அவன் மாதிரி சந்தோஷமாக இருந்தவன் ஊரில் இல்லை. தினமும் வெடிப்பது நின்றேவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா என்று எனக்கு ஆசை. மனைவி ஒத்துக்கொள்ளவில்லை. "நாம இருக்குற வரைக்கும் சரி. அப்புறம் இவன் யாருகூடப் பேசிப் பழகுறது?" என்றாள். அவள் சொன்னதுதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. ஆனாலும் பள்ளியில் அடி, உதை, கிண்டல் என்று பிள்ளை சாப்பாட்டையே நிறுத்திவிட்டால், ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்வது தோல்வி ஒன்றும் இல்லை.

பள்ளியை முடிவு செய்வதைவிடக் கணவன் மனைவிக்குள் அதிகம் சண்டை வருவது மாற்றுத்திறனாளி சான்றிதழில்தான். எங்கள் வீட்டிலும் எட்டு மாதம் இழுத்தது. என் அம்மா, "ஊனம்னு சர்க்கார்ல எழுதி வாங்கிட்டா நாளைக்கு எவன் பொண்ணு குடுப்பான்?" என்றார். பையனுக்கு அப்போது ஏழு வயது! ஆனால் அந்தப் பயத்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அதிலும் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குத் தமிழில் "புற உலகச் சிந்தனையற்றவர்" என்று எழுதியிருப்பார்கள். மேட்டூரிலிருந்து கடைமடை வரை தண்ணீர்க் கணக்கு வைத்திருப்பவனுக்கு இப்படி ஒரு பெயர். யார் வைத்தார்களோ.

வாங்கினால் என்ன கிடைக்கும்? பாதிப்பு 40 சதவீதமும் அதற்கு மேலும் இருந்தால் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ நாம் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உரிமை. பொதுத்தேர்வில் கூடுதலாக ஒரு மணி நேரம், தேவைப்பட்டால் சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு. அரசுக் கல்லூரிகளிலும் உதவி பெறும் கல்லூரிகளிலும் 5 சதவீத இடம். அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கான 4 சதவீதத்தில் 1 சதவீதம், ஆட்டிசத்தையும் சேர்த்து சில பிரிவுகளுக்குப் பொதுவாக இருக்கிறது. எங்கள் பையனுக்கு எழுத்து கோழி கிறுக்கல், பென்சில் பிடிப்பதே சிரமம். அந்த ஒரு மணி நேரம் அவனுக்குத் தங்கம்.

வாங்காவிட்டால்? இப்போதைக்கு ஒன்றும் குறையாது. பத்தாம் வகுப்பில் ஓடினால் நேரம் போதாது. சான்றிதழ் கொடுப்பது மருத்துவக் குழு. ஐசா என்ற இந்திய அளவுகோலில் 40 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 மதிப்பெண். 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று அர்த்தம். பேச்சு நன்றாக வரும் பிள்ளை, டாக்டர் முன்னால் அரை மணி நேரம் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டால் மதிப்பெண் குறைந்துவிடும். எங்களுக்கு முதல் தடவை அப்படித்தான் ஆனது. மேட்டூர் பற்றி அழகாகப் பேசிவிட்டான். இரண்டாம் தடவை பள்ளியிலிருந்து எழுதி வாங்கிய தாளையும் அந்தப் பதினைந்து நாள் நோட்டையும் கொண்டுபோனோம்.

வாங்கி வையுங்கள் என்பதுதான் என் பக்கம். வாங்கிவிட்டதாலேயே யாரிடமும் காட்ட வேண்டும் என்று கட்டாயமில்லை. எங்களுடையது பட்டாவோடும் சிட்டாவோடும் ஒரே கவரில் பீரோவில் இருக்கிறது. தேவைப்பட்டபோது எடுத்தோம்.

இந்த ஜூனில் அவனுக்கு ஒன்பதாம் வகுப்பு. நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிந்தது. இரண்டு இடம் பார்த்து வைத்திருக்கிறோம்: ஐந்து கிலோமீட்டரில் அரசு மேல்நிலைப் பள்ளி, டவுனில் ஒரு அரசு உதவி பெறும் பள்ளி. நான் வழக்கம்போல ரிசல்ட், பஸ், ஆசிரியர் எண்ணிக்கை என்று எழுதிக்கொண்டிருந்தேன். இந்த முறை அவனையும் கேட்போம் என்று மனைவி சொன்னாள். அவன் தன் நோட்டில் கோடு போட்டு, இரண்டு பள்ளிக்கும் எதிரே நிரப்பச் சொல்லி என்னிடம் கொடுத்தான். மணி எந்த வகை. பிரேயரில் மைக் உண்டா. சாப்பாட்டு நேரத்தில் நூலகம் திறந்திருக்குமா. வகுப்பறையிலிருந்து ஆறு தெரியுமா. கழிப்பறைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா.

எட்டு வருடமாகப் பள்ளிகளை ஒப்பிட்டுக்கொண்டிருக்கும் எனக்குத் தாழ்ப்பாள் தோன்றவே இல்லை. "ஏன்டா தம்பி இது?" என்று கேட்டேன். "பழைய பள்ளியில் இல்லை. அதனால் நான் ஏழு வருடமும் வீட்டுக்கு வந்துதான் போனேன்" என்றான். பதினைந்து நாள் நோட்டில் சில பக்கங்களுக்கு அப்போதுதான் அர்த்தம் தெரிந்தது.

மறுநாளே இரண்டு பள்ளிக்கும் போனேன். அரசுப் பள்ளியில் நான்கு கதவில் ஒன்றுக்கு இருந்தது. உதவி பெறும் பள்ளியில் எல்லாவற்றுக்கும் இருந்தது, ஆனால் அங்கே மணி மின்சார மணி, கரண்ட் போனால் விசில். ஆறு தெரிவது அரசுப் பள்ளியில். மற்ற மூன்று தாழ்ப்பாளையும் நானே வாங்கிப் போட்டுத் தரட்டுமா என்று அங்கே தலைமையாசிரியரிடம் கேட்டேன். "தாராளமா போடுங்க சார்" என்றார். வரும் சனிக்கிழமை டிரில்லிங் மெஷினோடு போகிறேன், பையனும் வருகிறான்.